கல்லை அறுக்கும் முன் அளந்து பாருங்கள்

போன இதழில் புது மண்சட்டியைப் பழக்குவது பற்றி எழுதப்போக, வந்த கடிதங்களில் சட்டியைப் பற்றி இருந்தது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் அடுப்பைப் பற்றி! “புது வீடு கட்டுகிறோம். மேடைக் கல்லிலேயே பதிக்கிற காஸ் அடுப்பு வாங்கியாகிவிட்டது. சுவரிலிருந்து எவ்வளவு தள்ளிப் பதிப்பது? மேலே அலமாரி வைக்கலாமா? சிலிண்டர் எங்கே?” என்று நாலைந்து சகோதரிகள் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். நல்லவேளை, கல்லை அறுப்பதற்கு முன்னால் கேட்டார்கள்.

கண்ணாடி மேல்தட்டு மட்டும் வெளியே தெரிய, உடம்பெல்லாம் மேடைக்கு அடியில் இறங்கியிருக்கும் இந்த அடுப்பை ‘ஹாப்’ என்கிறார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. துடைப்பதும் சுலபம். ஆனால் நம் பழைய இரட்டை பர்னர் அடுப்புக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பழைய அடுப்பு சுவருக்கு ரொம்பக் கிட்டத்தில் இருந்தால் இரண்டு கையாலும் பிடித்து இழுத்து நகர்த்திக்கொள்வோம். ஹாப்பை நகர்த்த முடியாது. கிரானைட்டில் ஓட்டை போட்டாகிவிட்டால் அது போட்டதுதான். தப்பான இடத்தில் போட்டால் கல்லையே மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஆயுசுக்கும் அந்த இடத்தில் நின்று சமைக்க வேண்டும். சமைக்கிறவள் யார்? நாம்தான். அதனால் அளவு டேப்பை நாமே கையில் எடுப்பது நல்லது.

எங்கள் திருவேங்கடம் கரிசல் பூமி. (திருவேங்கடம் என்றதும் திருப்பதி என்று நினைத்து, லட்டுப் பிரசாதம் அனுப்பச் சொல்லி எனக்கு எழுதிய சகோதரியும் உண்டு! இது தென்காசி மாவட்டத்துத் திருவேங்கடம். 2019 வரை திருநெல்வேலி மாவட்டம்.) என் மாமியார் காலத்தில் இங்கே பருத்திமார்தான் விறகு. குபீரென்று பிடித்து எரியும். அதனாலேயே அடுப்படியைப் புறவாசலில் தனியாகப் போட்டு வைத்திருந்தார்கள். பக்கத்தில் வைக்கோல் இருக்காது, கொடித் துணி இருக்காது. பிறகு மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்தது. 2006-ல் அமைந்த அரசு கொடுத்த இலவச காஸ் அடுப்பு, 2016-ல் வந்த உஜ்வலா திட்டம் இவற்றால் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் காஸ் வந்துவிட்டது. புறவாசலில் இருந்த நெருப்பு வீட்டு நடுவே வந்து உட்கார்ந்துகொண்டது. அது வந்தது நல்லதுதான், புகையில் கண் எரிந்தது போதும். ஆனால் நெருப்பைச் சுற்றி நம் பாட்டிமார் விட்டிருந்த இடம் மட்டும் கூடவே வரவில்லை.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய் வந்தவர்கள் வீட்டுக்கு ஒருத்தியாவது இருப்பாள். மருந்து முக்குகிற இடம் தனி, கட்டை அடுக்குகிற இடம் தனி. சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைகளைப் பஸ்ஸிலிருந்து பார்த்தாலே தெரியும், ஒவ்வொரு அறையும் தனித்தனியாக நிற்கும், நடுவே வெறும் மண். இடத்தை ஏன் இப்படி வீணாக்குகிறார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அதே பெண்கள் புது வீட்டில் அடுப்பை மூலையில் ஒட்டிப் பதித்துவிட்டு, தலைக்கு மேலே பிளைவுட் அலமாரியும் காலடியில் மூடிய பெட்டிக்குள் சிலிண்டரும் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஏன் என்று கேட்டால், “ஆசாரி அப்படித்தான் போட்டார்” என்பதுதான் பதில்.

என் நாத்தனார் மகள் சங்கரன்கோவிலில் வீடு கட்டுகிறாள். எட்டுக்கு ஏழு அடியில் சமையலறை. போன மாதம் ஒரு சாயங்காலம் போன் செய்து, “அத்தே, நாளைக்குக் காலையில கல்லை அறுக்க வாராங்களாம். நீங்க ஒரு எட்டு வந்து பாருங்களேன்” என்றாள். போனேன். அக்கினி மூலை என்று தென்கிழக்கு மூலையில், கிழக்கே பார்த்துச் சமைக்கும்படி மேடை கட்டியிருந்தார்கள். நல்லது. ஆனால் அடுப்புக்குக் கோடு போட்டிருந்த இடம் தெற்குச் சுவரிலிருந்து மூன்றே அங்குலம்! கிழக்கே பார்த்து நின்றால் தெற்குச் சுவர் வலது கைப் பக்கம். அவள் வாங்கியிருந்த அடுப்பில் பெரிய பர்னர் இருப்பதும் வலது பக்கம்தான்.

அங்கேயே ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். நீங்களும் உங்கள் வீட்டில் போட்டுப் பார்க்கலாம். முறுக்குச் சுடுகிற வாணலி வாய் 35 செ.மீ. என்று வையுங்கள். பர்னரின் நடுவிலிருந்து பாதி, 17.5 செ.மீ. வெளியே நீளும். பர்னர் நடு, அடுப்பு விளிம்பிலிருந்து 15 செ.மீ. உள்ளே இருக்கிறது. ஆக வாணலியே அடுப்புக்கு வெளியே 2.5 செ.மீ. வந்துவிட்டது. காது இன்னும் ஓர் ஆறு ஏழு செ.மீ. மொத்தம் ஏறக்குறைய 9 செ.மீ. மூன்று அங்குலம் என்பது ஏழரை செ.மீ.தான். வாணலி உட்காரவே உட்காராது! உட்கார்ந்தாலும் கொதிக்கிற எண்ணெயோடு அதைத் தூக்கும்போது விரல் முட்டி சுவரில் இடிக்கும். அப்புறம் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டாம்.

அடுப்போடு வரும் விளக்கத் தாளில் பக்கச் சுவருக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று படம் போட்டே இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். அந்தத் தாளில் உள்ள அளவுக்குக் கீழே எக்காரணம் கொண்டும் போகக் கூடாது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் விதியில், பர்னரின் விளிம்பிலிருந்து 20 செ.மீ.க்குள் மரம் போன்ற எரியக்கூடிய பரப்பு இருந்தால் அதற்கு எரியாத மறைப்புக் கொடுத்தே ஆக வேண்டும். அடுப்பின் விளிம்பிலிருந்து அளக்காமல் பர்னரிலிருந்து அளக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்தது, எரிவது பர்னர்தானே. ஆனால் அவர்கள் சமையலுக்கும் நம் சமையலுக்கும் பாத்திரம் வேறு. இட்லிக் கொப்பரை, முறுக்கு வாணலி, பொங்கல் பானை இவற்றை நினைத்துக்கொண்டால், அடுப்பு விளிம்பிலிருந்து சுவர் வரை ஓர் அடி விடுங்கள் என்பேன். அந்த ஓர் அடி வீணாகாது. கரண்டி வைக்க, இறக்கிய பாலை வைக்க அதுதான் இடம்.

“அக்கினி மூலை போயிருமே?” என்றார் அவள் மாமியார். போகாது. ஓர் அடி தள்ளினால் அடுப்பு வடமேற்குக்குப் போய்விடுமா என்ன! தென்கிழக்கு என்பது அறையின் ஒரு பகுதி. சுவரும் சுவரும் சேருகிற முடுக்கில் திணிக்க வேண்டும் என்று எந்த சாஸ்திரக்காரரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கல் அறுக்க வந்தவரை அரை மணி நேரம் டீ குடிக்கச் சொல்லிவிட்டு ஒத்திகை பார்த்தோம். அடுப்புப் பெட்டியிலேயே ஓட்டை அளவுக்கு ஒரு அட்டை வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் பழைய செய்தித்தாளில் வெட்டிக்கொள்ளலாம். அதை மேடையில் வைத்து, பர்னர் இருக்கும் இடங்களில் வட்டம் போட்டு, வீட்டிலேயே பெரிய பாத்திரங்களைக் கொண்டுவந்து மேலே வைத்துப் பார்த்தோம். கொப்பரையும் வாணலியும் ஒரே நேரத்தில் உட்காருமா, ஒன்றன் காது இன்னொன்றில் இடிக்குமா, ஜன்னல் கதவு திறக்கும்போது தட்டுமா, எல்லாம் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. முன்பக்கமும் பாருங்கள். நம் மேடை பெரும்பாலும் இரண்டு அடி ஆழம், அதாவது 60 செ.மீ. அடுப்பின் ஆழமே 50 செ.மீ.க்கு மேல் இருக்கும். முன்னும் பின்னுமாகப் பங்கிட மிச்சம் கொஞ்சம்தான். முன்விளிம்பில் கல் குச்சி மாதிரி ஒல்லியாக நின்றால் ஒரு கனமான குக்கரை இறக்கும்போது ‘டக்’கென்று விண்டு போகும். இன்னும் மேடை கட்டாதவர்கள் இரண்டே கால் அடி ஆழமாகக் கட்டச் சொல்லுங்கள். பிற்பாடு உங்களுக்கே அருமை தெரியும்.

பெரிய பாத்திரம் என்று சொன்னேன் அல்லவா, அதிலேயே இன்னொரு விஷயம். பாத்திரத்தின் அடி ரொம்ப அகலமாக இருந்தால் தீயின் சூடு மேலே போக வழியில்லாமல் திரும்பிக் கண்ணாடி மீதே அடிக்கும். அடுப்புக் கண்ணாடி சூடு தாங்கும்படி பதப்படுத்தியதுதான். ஆனாலும் மணிக்கணக்காக அப்படிச் சுட்டபின் குளிர்ந்த தண்ணீர் கொட்டினால் சில்லுச் சில்லாக உடைந்துவிடலாம். கல்யாண வீட்டு அளவு அண்டாவுக்கு ஹாப் ஏற்றதில்லை. அதற்கென்று வெளியே ஒரு அடுப்பு இருக்கட்டும்.

இனி காற்று. விளக்கத் தாளில் உள்ள அளவெல்லாம் தீ நேராக எரியும் என்று நினைத்துப் போட்டவை. எங்கள் ஊரில் தீ நேராக எரிவது வருஷத்தில் பாதி நாள்தான்! ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கிற மேல்காற்று இருக்கிறதே, குற்றாலத்துக்கு அது சாரல் கொண்டுவரும். எங்களுக்கு வெறும் காற்றும் புழுதியும்தான். மேற்கே வாசல் திறந்திருந்தால் அந்தக் காற்று நேரே வந்து சமைப்பவளின் முதுகில் அடித்து, கிழக்கே ஜன்னல் வழியாக வெளியே போகும். நடுவே இருப்பது அடுப்பு. தீ படுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நாக்கை நீட்டும். அங்கே ஒரு பாலியஸ்டர் திரை தொங்கினால்? அடுப்புக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் திரையே வேண்டாம். கண்ணாடிக் கதவு போதும். முடிந்தால் ஜன்னலுக்கு நேர் கீழே அடுப்பு வராமல் சற்றுத் தள்ளிப் பதியுங்கள். காற்றோட்டம் அவசியம் வேண்டும், ஜன்னலை அடைத்துவிடாதீர்கள். காற்றின் பாதையிலிருந்து அடுப்பை விலக்குவதுதான் வழி.

காற்றில் இன்னொரு ஆபத்து, தீ அணைந்து போவது. தீ அணைந்தாலும் காஸ் வந்துகொண்டே இருக்கும். இப்போது சில ஹாப்களில் தீ அணைந்தால் தானே காஸை நிறுத்தும் அமைப்பு இருக்கிறது. பர்னர் பக்கத்தில் ஆணி மாதிரி ஒரு சின்னக் குச்சி நிற்கும். தீயின் சூட்டில் அதில் துளியளவு மின்சாரம் உண்டாகி வால்வைத் திறந்தே பிடித்து வைத்திருக்கும். தீ அணைந்து அது ஆறினால் மின்சாரம் நின்று வால்வு மூடிக்கொள்ளும். எவ்வளவு எளிய யோசனை! வாங்கும்போது இது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நாலு பர்னர் வேண்டாம், மூன்று போதும். அந்தப் பணத்தில் இதை வாங்கலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த அடுப்பானால், அது குழாயில் வரும் இயற்கை வாயுவுக்குச் செய்ததா என்று முதலில் கேளுங்கள். அதன் ஜெட் துவாரம் பெரிது. நம் சிலிண்டர் காஸை அதில் விட்டால் தீ உயரமாக, மஞ்சளாக, கரியோடு எரியும். அதற்கு நீங்கள் விட்ட இடைவெளி எதுவும் போதாது.

மேலே பார்ப்போம். சிம்னி வைப்பவர்கள் அடுப்பின் மேல்பரப்பிலிருந்து சிம்னியின் அடி வரை அளக்க வேண்டும். பெரும்பாலும் 65 முதல் 75 செ.மீ. வரை, அதாவது 26 முதல் 30 அங்குலம். அடுப்புத் தாளிலும் சிம்னித் தாளிலும் வேறு வேறு அளவு இருந்தால் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தில் வைத்தால் புகையை நன்றாக இழுக்கும் என்று சிலர் இறக்கி வைக்கிறார்கள். சிம்னி வலையில் படிந்திருப்பது எல்லாம் எண்ணெய். தாளிக்கும்போது குபுக்கென்று எழும் தீ அதைத் தொட்டால் சிம்னியே பந்தமாகிவிடும். ரொம்ப உயரத்தில் வைத்தாலோ புகை பக்கவாட்டில் நழுவிப் போகும். பழைய அடுப்பை எடுத்துவிட்டு ஹாப் பதிப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். பழைய அடுப்பு மேடைக்கு மேலே ஒரு சாண் உயரம் நின்றது. ஹாப் மேடையோடு மேடையாக இறங்கிவிடும். தீயும் கீழே இறங்குகிறது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது எட்டிப் பிடிக்கிற உயரமாகிவிடும்.

சிம்னி இல்லாத வீட்டில் அடுப்புக்கு நேர் மேலே அலமாரி வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. நம் சிறு ஊர்களில் இப்போது பி.வி.சி. அலமாரி ரொம்ப நடமாடுகிறது. கரையான் அரிக்காது, தண்ணீருக்கு ஊறாது, விலையும் மலிவு. எல்லாம் சரி, ஆனால் பி.வி.சி. 80 டிகிரிச் சூட்டிலேயே இளக ஆரம்பித்துவிடும். கொதிக்கிற தண்ணீரே 100 டிகிரி! எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் குடி புகுந்து ஆறு மாதத்துக்குள் அடுப்புக்கு மேலிருந்த கதவின் கீழ்விளிம்பு பழுப்பேறி, அப்பளம் மாதிரி சுருண்டு நிற்கிறது. தீ பிடிக்கவில்லை, அதுவரை புண்ணியம்.

அலமாரி எரிவது ஒரு பக்கம் இருக்கட்டும். அடுப்புக்கு மேலே அலமாரி இருந்தால் அதில் நாம் என்ன வைப்போம்? உப்பு, புளி, மிளகாய்ப் பொடி, பெருங்காயம். எப்போது எடுப்போம்? அடுப்பு எரியும்போதுதான். தீக்கு மேலாகக் கையை நீட்டி, குதிகாலை உயர்த்தி எடுப்போம். முந்தானை எங்கே இருக்கும், நைட்டியின் கை எங்கே இருக்கும், யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்து நூல் புடவையாவது தீப்பட்டால் உதறி அணைக்க ஒரு கணம் கொடுக்கும். இந்த நைலான், பாலியஸ்டர் எல்லாம் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். மேலே விடுகிற இடைவெளி அலமாரிக்காக அல்ல, நமக்காக. மசாலாச் சாமான்களை அடுப்புக்கு இடது பக்கமோ வலது பக்கமோ, நின்ற இடத்திலிருந்து திரும்பி எடுக்கிற மாதிரி வையுங்கள்.

நாத்தனார் மகள் வீட்டில் இதைச் சொன்னதும் இரண்டு கதவு அளவுக்கு அலமாரி குறைந்துபோனது. “சாமான் எல்லாம் எங்க வைக்க?” என்று மாமியாருக்கு முகம் வாடிவிட்டது. நியாயமான கவலைதான். எட்டுக்கு ஏழு அறையில் ஒவ்வொரு அங்குலமும் பெண்ணுக்கு நிலம் மாதிரி. வடக்குச் சுவரில் தரையிலிருந்து ஏழடி உயரத்துக்கு ஒல்லியாக ஒரு அலமாரி போடுவதாக முடிவானது. அவர் முழுமனதாகச் சம்மதிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆசாரியோடுதான் பெரிய வாதம். மேடைக்கு அடியில் சிலிண்டரை வைத்து, நாலு பக்கமும் பிளைவுட்டால் மூடிக் கதவு போடுவதாக அவர் திட்டம். “அம்மா, நாங்க எத்தன வீடு பாத்திருக்கோம். சிலிண்டர் வெளிய தெரிஞ்சா அழகு கெட்டுப் போகும்லா” என்றார். அழகு! காஸ் காற்றைவிடக் கனமானது. ஒழுகினால் புகை மாதிரி மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையில் தேங்கும். திறந்த இடமானால் பரவிக் கலைந்து போகும், மணமும் சீக்கிரம் மூக்குக்கு எட்டும். மூடிய பெட்டிக்குள் என்றால் அங்கேயே நிறையும்.

நான் பத்தாவது வரைதான் படித்தவள். இருந்தாலும் இந்தக் கணக்கு கஷ்டமில்லை. மூன்று அடி அகலம், இரண்டு அடி ஆழம், இரண்டரை அடி உயரமான பெட்டியில் 15 கன அடி இடம், அதாவது 425 லிட்டர். காற்றில் 100-க்கு 2 பங்கு காஸ் கலந்தாலே பற்றிக்கொள்ளும் பதம் வந்துவிடுகிறது. 425-ல் 2 பங்கு என்றால் எட்டரை லிட்டர் காஸ். சிலிண்டருக்குள் காஸ் திரவமாக இருக்கிறது. ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரியும். ஆக எட்டரை லிட்டர் காஸுக்கு வேண்டிய திரவம் 34 மில்லி. இரண்டு மேஜைக் கரண்டி சொச்சம்! 14.2 கிலோ சிலிண்டரிலிருந்து இரண்டு கரண்டி குறைந்தால் நமக்குத் தெரியுமா? ஒரு ராத்திரி ரெகுலேட்டரை மூடாமல் தூங்கினால், டியூபில் எலி வைத்த பல் தடம் ஒன்று போதும். காலையில் கதவைத் திறந்த கையோடு அடுப்பைப் பற்ற வைப்போம்.

இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியதும் ஆசாரி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே, “அப்ப கதவே வேண்டாம், கீழ்ப் பலகையும் வேண்டாம், திறந்தாப்பல விட்டிருவோம்” என்றார். அதோடு வெளிச்சுவரில் தரையோடு தரையாக இரண்டு ஓட்டையும் போடச் சொன்னேன். மேலே ஓட்டை போட்டுப் பிரயோஜனமில்லை, காஸ் கீழேதான் தேங்கும். ஓட்டைக்கு எலியும் பூச்சி பொட்டும் நுழையாமல் கம்பி வலை. அந்த ஓட்டைக்கு வெளியே நேராகச் சாக்கடை இருக்கக் கூடாது. காஸ் அதற்குள் இறங்கி ஓடும்.

இதைவிட நல்லது சிலிண்டரை வீட்டுக்கு வெளியே நிழலான இடத்தில், பூட்டுப் போட்ட கம்பிக் கூண்டில் நிற்க வைத்து, செம்புக் குழாய் வழியாக உள்ளே கொண்டுவருவது. அதை காஸ் ஏஜென்சியின் மெக்கானிக்கைக் கொண்டு முறையாகச் செய்ய வேண்டும். பிளம்பரை வைத்து ஒப்பேற்றுகிற வேலை அல்ல. உள்ளே வைப்பவர்களுக்கு டியூப் நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் கூடாது. அதனால் சிலிண்டர் நிற்கிற இடத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். டியூப் சுவரைத் துளைத்துப் போகக் கூடாது. ஹாப்பின் அடிப்பகுதி சூடாகும், டியூப் அதில் உரசாமல் தொங்க வேண்டும். கம்பி பின்னிய ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபாக வாங்கி, 5 வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள், பார்க்கப் புதுசு மாதிரி இருந்தாலும். அடுப்புக்கு நேர் கீழே பிளாஸ்டிக் டப்பா வைக்கிற டிராயர் வேண்டாம். டிராயர் வைத்தே ஆக வேண்டுமென்றால் நடுவே ஒரு தடுப்புப் பலகை, தாளில் சொன்ன இடைவெளியில்.

தரையில் தேங்கும் என்று தெரிந்துவிட்டதா, அப்படியானால் தரை மட்டத்தில் பொறி பறக்கிற எதுவும் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஃபிரிஜ் தானாக ஓடி நிற்கும்போது அதன் சுவிட்சில் சிறு பொறி உண்டாகலாம். கரண்ட் போகிற ஊர் என்று இன்வெர்ட்டரை மேடைக்கு அடியில் சிலிண்டருக்கு ஜோடியாக வைத்திருக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன், பார்த்தாலே பதைக்கும். சமையலறையிலேயே சாமி அலமாரி வைத்து விளக்கேற்றும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதைச் சிலிண்டருக்கு எதிர்மூலையில், உயரத்தில் வையுங்கள். சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

எல்லாம் பதித்து முடித்த அன்று, மெக்கானிக் போவதற்கு முன்பே சோப்பு நுரையைத் தொட்டு ரெகுலேட்டர், டியூபின் இரண்டு முனை, ஹாப்பின் அடியில் இணைக்கும் இடம் எல்லாவற்றிலும் தடவச் சொல்லுங்கள். குமிழி வந்தால் ஒழுக்கு. தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது கூடவே கூடாது. மறுநாள் பால் காய்ச்சும்போது தீ நீலமாக, ஆடாமல் எரிகிறதா பாருங்கள். என்றைக்காவது காஸ் வாசம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். சுவிட்சைப் போடுவதும் ஆபத்து, அணைப்பதும் ஆபத்து. அந்த எண்ணில் 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள்.

வாடகை வீட்டில் ஹாப் பதிக்கலாமா என்று ராஜபாளையத்துச் சகோதரி கேட்டிருக்கிறார். வேண்டாம். வீட்டுக்காரர் கல்லை அறுக்க விட மாட்டார், விட்டாலும் காலி செய்யும்போது அந்த ஓட்டைக்குக் கணக்குக் கேட்பார். இருக்கிற மேஜை அடுப்பையே சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, சிலிண்டரை மூடாமல், திரையைக் கழற்றிவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.